குத்துமதிப்பாக ஆயிரம் அடி

1

போன ஞாயிற்றுக்கிழமை லிண்டா என்னை மறுபடியும் திட்டினாள். ஆயிரம் அடி உயரத்தில் போகச் சொன்னால் தொள்ளாயிரத்து நாற்பதில் போகிறேனாம். அறுபது அடிதானே, ஒரு தென்னை மர உயரம்தானே என்று நாக்கு நுனிவரை வந்தது. தென்னை மரம் என்றால் என்னவென்று அவளுக்கு விளக்கி முடிப்பதற்குள் இன்னும் ஒரு மர உயரம் இறங்கியிருப்போம் என்பதால் வாயை மூடிக்கொண்டேன்.

லிண்டா எங்கள் விமான கிளப்பில் பயிற்சி கொடுப்பவள். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள். சூயிங்கம் மென்றுகொண்டே திட்டுவாள். குரல் ஏறாது, முகம் மாறாது. காரைக்குடியில் திட்டு வாங்கி வளர்ந்தவனுக்கு அது உறைப்பில்லாத குழம்பு மாதிரிதான் இருக்கும். வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் எரிய ஆரம்பிக்கும்.

ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பைலட் என்றதும் தொப்பி, தோள்பட்டை, மிட்டாய்த் தட்டு நீட்டும் பெண் என்றெல்லாம் கற்பனை பண்ண வேண்டாம். கனடாவில் கோதுமை விளையும் சமவெளியில் ஒரு சின்ன ஊர். அங்கே உரத் தொழிற்சாலையில் எஞ்சினியர் உத்தியோகம். அறுபத்தெட்டில் வந்தேன், பத்து வருஷம் ஆகப் போகிறது. இங்கே பல் டாக்டர், பன்றி வளர்ப்பவர், பள்ளிக்கூட வாத்தியார் எல்லாரும் சொந்த ஆசைக்கு விமானம் ஓட்டுகிறார்கள். நானும் ஓட்டுகிறேன். கிளப் வண்டிதான், மணிக்கு இவ்வளவு என்று வாடகை. இரண்டு பேர் உட்காரலாம், மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு.

இதை ஊருக்கு எழுதியது நான் செய்த தப்பு. "நம்ம ஊருக்கு மேல போகையில கொஞ்சம் தாழ வந்து கை காட்டிட்டுப் போ" என்று என் சித்தப்பா இன்றுவரை எழுதிக்கொண்டிருக்கிறார். வீட்டு மாடியில் வத்தல் காயப்போட்டிருப்பதால் பார்த்து வரச் சொல்லி ஒரு குறிப்பும் சேர்த்திருந்தார்.

2

அறுபது அடியை ஒரு பொருட்டாக நினைக்காத இந்தப் புத்தி எனக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், நேராக என் அப்பாவின் பஸ்ஸில் போய் நிற்கிறது.

அப்பா முத்துக்கருப்பன் காரைக்குடியிலிருந்து கல்லல் வழியாகக் காளையார்கோவிலுக்கு ஒரு தனியார் பஸ் ஓட்டினார். நான் நினைவு தெரிந்து பார்த்த நாளிலிருந்து அந்த வண்டியின் வேகமுள் பூஜ்யத்தில் படுத்தேதான் கிடந்தது. டீசல் காட்டும் முள்ளும் அப்படியே. ஒரு குச்சியைத் தொட்டிக்குள் விட்டு எடுத்து, நனைந்த இடத்தைப் பார்த்துத் தலையாட்டிக்கொள்வார்.

"எம்புட்டு வேகத்துலப்பா வந்தோம்?" என்று கேட்டால், "குத்துமதிப்பா நாப்பது" என்பார். எத்தனை மைல் என்றால், "குத்துமதிப்பா பத்து." கல்லலுக்கு எப்போது போய்ச் சேருவோம் என்று ஒரு பயணி கேட்டால் அவருக்கும் அதே குத்துமதிப்புத்தான். யாரும் சண்டைக்கு வந்ததில்லை. எங்கள் பக்கத்தில் வழி கேட்டாலும், "அங்குட்டுப் போனீகன்னா இங்குட்டு ஒண்ணு திரும்பும், கூப்பிடு தூரந்தான்" என்பார்கள். அந்தக் கூப்பிடு தூரத்தை நடந்து கடந்தவனுக்குத்தான் தெரியும், கூப்பிட்டவனுக்கு எவ்வளவு பெரிய தொண்டை இருக்க வேண்டும் என்று.

அப்பாவிடம் குத்துமதிப்பு இல்லாத விஷயம் ஒன்றே ஒன்றுதான். ரோட்டில் கை காட்டிய ஆளை ஏற்றாமல் போகமாட்டார். ஐம்பது பேர் உட்காரும் வண்டியில் தொண்ணூறு பேர் நசுங்கிக்கொண்டிருந்தாலும், கை தெரிந்தால் கால் பிரேக்குக்குப் போய்விடும். ஒருமுறை கோழிக்கூடையோடு ஓடிவந்த ஓர் அம்மாவுக்காகப் பஸ்ஸை ரிவர்ஸிலேயே ஓட்டிக்கொண்டு போனார். உள்ளே இருந்தவர்கள் கத்தினார்கள். "கை காட்டுன ஆள விட்டுட்டுப் போனா அது வண்டியாடா?" என்று கண்ணாடியைப் பார்த்து எல்லாரையும் ஒரே அதட்டாக அதட்டினார். கோழிகள் மட்டும் பதில் சொல்லின.

அவருக்கு ஓர் ஆசை இருந்தது. சண்டைக் காலத்தில் செட்டிநாட்டுப் பக்கம் வெள்ளைக்காரன் விமானம் இறங்க ஓடுதளம் போட்டான் அல்லவா, அப்போது அப்பா ஒரு லாரியில் கிளீனர். ஜல்லி கொண்டுபோய்க் கொட்டியவர். ஒரு விமானம் இறங்குவதை அங்கே நின்று பார்த்திருக்கிறார். சண்டை முடிந்து வெள்ளைக்காரன் போய், ஓடுதளத்தில் ஆடு மேய ஆரம்பித்த பிறகும் அந்த ஆசை போகவில்லை. நான் காரைக்குடியில் எஞ்சினியரிங் படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு கல்யாணக் கோஷ்டியை இறக்கிவிட்டுக் காலி வண்டியோடு வந்தவர், என்னையும் ஏற்றிக்கொண்டு பஸ்ஸை அந்த ஓடுதளத்துக்குள் திருப்பினார். ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை மிதித்தார் பாருங்கள்! ஜன்னல் சட்டங்கள் எல்லாம் பல்லைக் கடித்தன. ஆடுகள் தெறித்து ஓடின. கடைசியில் நிறுத்தி, வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "ரெக்கை ஒண்ணுதான்டா கொறச்சல்" என்றார். "என்னைக்காச்சும் அதுல முன்னாடி உக்காந்து பாத்துரணும்."

3

நான் அந்த முன்சீட்டுக்கு வந்து சேர்ந்த கதையைச் சொன்னால் சிரிப்பீர்கள்.

முதலில் பெயர். என் பெயர் சுப்பையா, இனிஷியல் மு. இந்த ஊர் அலுவலகத்தில் இனிஷியலுக்குப் பின்னால் இருப்பது என்ன, குடும்பப் பெயர் எங்கே என்று கேட்டுக் குடைந்தார்கள். அப்பா பெயரைச் சொன்னேன். அதையே குடும்பப் பெயராக்கி முன்னால் போட்டு, என் பெயரை ஓர் எழுத்தாகச் சுருக்கிவிட்டார்கள். ஆகவே விமானம் ஓட்டும் உரிமம் முத்துக்கருப்பன் பெயரில் இருக்கிறது. அவ்வளவு நீளம் யார் வாயிலும் நுழையாததால் கிளப்பில் எல்லாரும் என்னை "முத்து" என்று கூப்பிடுகிறார்கள். ஊரில் எவனாவது என் அப்பா பெயரை இப்படி மொட்டையாகச் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன். இங்கே, "யெஸ்" என்று திரும்பிப் பார்க்கிறேன்.

அடுத்தது ரேடியோ. விமானத்திலிருந்து எங்கே இருக்கிறோம், என்ன செய்யப் போகிறோம் என்று தரையில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். பக்கத்து நகரத்து விமான நிலையத்துக்கு முதன்முதலாகத் தனியாகப் போனபோது எனக்கு வாய் குழறியது. நாம் வீட்டை விட்டே கிளம்பியிருக்க மாட்டோம், "இந்தா வந்துட்டேன்" என்போம் இல்லையா? அதையே இங்கிலீஷில், "நான் வந்தாகிவிட்டது" என்று சொல்லித் தொலைத்தேன். கண்காணிப்புக் கோபுரத்தில் இருந்தவன் ஒரு பெரிய விமானத்தைப் பிடித்து நிறுத்தி வைத்துக்கொண்டு வானத்தைத் தேடியிருக்கிறான். நான் பத்து மைல் தள்ளிக் கோதுமை வயலைப் பார்த்துக்கொண்டு வருகிறேன். எங்கே இருக்கிறாய், எங்கே இருக்கிறாய் என்று கேட்கிறான். பதற்றத்தில், "இந்தப் பக்கம்" என்றேன். எந்தப் பக்கம் என்றான். "ஏரிக்கு அந்தப் பக்கத்துக்கு இந்தப் பக்கம்" என்றேன். அவன் அந்தப் பெரிய விமானத்திடம் எஞ்சினை அணைத்துக்கொள்ளச் சொன்னான்.

இறங்கியதும் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். விஷயம் கிளப்புக்கும் போனது. இத்தனை நாள் சொல்லிக்கொடுத்த லிண்டா, அன்றுதான் எனக்கு உண்மையான முதல் பாடம் எடுத்தாள். "நீ நல்லா ஓட்டுகிறாய் முத்து. ஆனால் எல்லாவற்றையும் கிட்டத்தட்ட ஓட்டுகிறாய்."

எங்கள் குத்துமதிப்புக்கு அவளுடைய பாஷையில் 'கிட்டத்தட்ட' என்று பெயர்.

4

போன கோடையில் அப்பா இங்கே வந்தார். பஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். பாஸ்போர்ட் எடுக்கும்போது பிறந்த தேதி கேட்டிருக்கிறார்கள். "குத்துமதிப்பா ஆடி மாசம்" என்றிருக்கிறார். அவர்கள் ஜனவரி ஒன்று என்று போட்டுவிட்டார்கள். இங்கே வந்ததும் என் மகள் செல்வி அந்தத் தேதியைப் பார்த்துவிட்டு, புது வருஷத்தன்றைக்குப் பிறந்த தாத்தா என்று தன் பள்ளிக்கூடத்தில் பெருமையடித்துக்கொண்டாள்.

செல்விக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடத்தில் அவள் பெயர் ஷெல்லி. அதைப் பற்றிப் பேசினால் எனக்கு ரத்தக் கொதிப்பு வரும், விட்டுவிடுகிறேன். தாத்தா வந்த அன்று, "நீ சாப்பிட்டியா?" என்று கேட்டாள். என் மனைவி வள்ளிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "சாப்பிட்டீகளான்னு கேளு" என்று திருத்தினாள். செல்வி தாத்தா பக்கம் திரும்பி, பணிவாக, "சாப்பிட்டீகளான்னு கேளு" என்றாள். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "கேட்டுட்டேன் தாயி, சாப்புட்டேன்" என்றார்.

வந்த களைப்புத் தீர்வதற்குள்ளேயே என்னிடம் விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"மெட்ராஸ்லேருந்து இம்புட்டுத் தொலவும் பறந்து வந்தேன்டா. நடுவுல உக்கார வச்சுட்டானுக. முன்னாடி இருந்தவன் மண்டை மட்டுந்தான் தெரிஞ்சுச்சு. நம்ம பஸ்ஸுல கடைசி சீட்டுல இருக்கவனுக்குக்கூட ரோடு தெரியும்."

"அதுக்கு?"

"உன் வண்டில முன்னாடி உக்காரணும். கண்ணாடி வழியாப் பாக்கணும். ஒரு தடவ. அம்புட்டுத்தான்."

அவர் வாழ்நாளில் என்னிடம் கேட்ட ஒரே விஷயம் அதுதான். ஆனால் பனிக்காலம் முழுக்க நான் விமானத்தைத் தொடவில்லை. அதனால் யாரையும் ஏற்றுவதற்கு முன் லிண்டாவோடு பறந்து, கை மறக்கவில்லை என்று காட்ட வேண்டும் என்பது கிளப்பின் சட்டம். அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். தூரத்திலிருந்து லிண்டா, "முத்து!" என்று கத்தினாள். எனக்கு முன்னால் அப்பா திரும்பினார்.

"என்னடா, இந்தப் புள்ள எம் பேரச் சொல்லிக் கூப்புடுது?"

விவரத்தைச் சொன்னேன். உரிமத்தை வாங்கி, தன் பெயரை விரலால் தடவிப் பார்த்தார். "அப்ப லைசென்ஸ் எம் பேர்லதான் இருக்கு" என்றார். அந்த வாரம் முழுக்க வீட்டில் அவர் நடையே மாறியிருந்தது.

லிண்டாவை அவருக்குப் பிடித்துப்போயிற்று. காரணம், அவள் இறக்கைமேல் ஏறி நின்று, மூடியைத் திறந்து, குச்சியை விட்டுப் பெட்ரோல் அளந்து பார்த்ததுதான். முள்ளை நம்பாதே, குச்சியை நம்பு என்பது அவள் கொள்கை. "அட, நம்ம ஆளு!" என்று அப்பா கைதட்டினார். ஆனால் நான் கிளம்பும் முன் செய்ய வேண்டியவற்றை அட்டையைப் பார்த்து ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்ததும் அவருக்கு மானம் போய்விட்டது. "பரிச்சைக்குப் படிக்கிற மாதிரிப் படிக்கிறியேடா, வண்டி எடுக்கத் தெரியாதா உனக்கு?" என்றார்.

அன்று லிண்டா என்னைத் தேற விடவில்லை. உயரம் நூறடி ஏறுகிறது, நூறடி இறங்குகிறது, இறங்கும்போது சக்கரம் நடுக்கோட்டிலிருந்து தள்ளிப் போகிறது. "நான் ஆயிரம் கேட்டேன். நீ ஆயிரத்தைச் சுற்றி உலாவுகிறாய்" என்றாள். கீழே பெஞ்சில் அப்பா வெள்ளை வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஏறத் தயாராக உட்கார்ந்திருந்தார். "இன்னைக்கு இல்லப்பா" என்று சொல்லிக் கூட்டிவந்தேன்.

அதன்பிறகு நான் உழைத்த உழைப்பு! சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து, கரண்டியைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக் கைகளைப் பழக்கினேன். காரில் வேலைக்குப் போகும்போது வேகமுள்ளை ஒரே கோட்டில் வைத்துப் பழகினேன். பின்னால் வந்தவனெல்லாம் ஹாரன் அடித்தான். காப்பிக்குச் சர்க்கரையைக்கூட அளந்து போட்டேன். வள்ளி, "இந்த மனுசனுக்கு என்ன பிடிச்சிருக்கு?" என்று அப்பாவிடமே கேட்டாள்.

லிண்டா இன்னொன்றும் சொல்லிக்கொடுத்தாள். எவ்வளவு காற்றில் பறப்பாய், எவ்வளவில் பறக்கமாட்டாய் என்பதை வீட்டில் காப்பி குடிக்கும்போது முடிவு செய். மைதானத்தில், நாலு பேர் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது முடிவு செய்யாதே. ஓடுபாதைக்குக் குறுக்கே வீசும் காற்றுதான் எங்களுக்கு எமன். சக்கரம் தரையைத் தொடும் நேரத்தில் வண்டியைப் பக்கவாட்டில் தள்ளிவிடும். அதை 'நாட்' என்ற கணக்கில் அளப்பார்கள். வீட்டில், காப்பி குடித்துக்கொண்டே, வள்ளி முன்னால் சொன்னேன்: ஆளை ஏற்றினால் குறுக்குக் காற்று பத்து 'நாட்'டுக்கு மேல் இருந்தால் கிளம்புவதில்லை.

"பத்துன்னா பத்துத்தான். எம் மாமாவ ஏத்துறீக, ஞாபகம் இருக்கட்டும்" என்றாள் வள்ளி.

அடுத்த முறை தேறிவிட்டேன். அப்பா ஊர் திரும்ப ஒரே ஒரு ஞாயிறுதான் மிச்சம் இருந்தது.

5

அந்த ஞாயிறு, அப்பா விடிவதற்குள் குளித்து, விபூதி பூசி, துண்டை மடித்துத் தோளில் போட்டுக் காரில் உட்கார்ந்துவிட்டார். வள்ளி எலுமிச்சம் பழம் எடுத்துக்கொண்டாள், சக்கரத்துக்கு வைக்க. விமானத்துக்கு எந்தச் சக்கரம் என்று மாமனாரும் மருமகளும் வழி முழுக்க விவாதம் பண்ணினார்கள்.

போய் இறங்கியதும் லிண்டா சிரித்துக்கொண்டே, "எங்கே கிளம்பிவிட்டீர்கள்?" என்று கேட்டாள். நான் அதை மொழிபெயர்த்திருக்கக் கூடாது. அப்பாவின் முகம் சுருங்கியது.

"கெளம்பையில எங்கன்னா கேப்பாக? தூரமான்னு கேக்கத் தெரியாது இந்தப் புள்ளைக்கு?"

திரும்பிப் போய்க் காரில் உட்கார்ந்து, ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு, மறுபடி புதிதாகக் கிளம்பி வந்தார். அவர் வந்து சேர்வதற்குள் கம்பத்தில் கட்டியிருந்த காற்றுப் பை நிமிர்ந்துவிட்டது. ஓடுபாதைக்கு நேர் குறுக்கே.

கிளப்புக்குள் போய்க் கருவியைப் பார்த்தேன். பன்னிரண்டு. கொஞ்சம் பொறுத்துப் பார்த்தேன். பன்னிரண்டு. நடுநடுவே ஒரு தூக்குத் தூக்கி இன்னும் மேலே போனது.

பன்னிரண்டில் நான் தனியாக இறங்கியிருக்கிறேன். லிண்டாவுக்கும் தெரியும். அவளைப் பார்த்தேன். "உன் வண்டி, உன் முடிவு" என்று சொல்லிவிட்டு சூயிங்கத்தை மென்றுகொண்டே போய்விட்டாள். அந்த நேரம் பார்த்துப் பல் டாக்டர் தன் சொந்த நாலு சீட்டு வண்டியில் பெண்டாட்டி பிள்ளையோடு கிளம்பி, ஆடி ஆடி மேலே ஏறிப் போனார்.

"இன்னைக்குப் போக வேண்டாம்ப்பா. காத்து சரியில்ல."

"எம்புட்டு இருக்கு?"

"பன்னெண்டு."

"எம்புட்டு இருக்கலாம்?"

"பத்து."

"ரெண்டுதானடா!" அப்பாவுக்கு நம்பவே முடியவில்லை. "பத்துக்கும் பன்னெண்டுக்கும் என்னடா வித்தியாசம்? தொண்ணூறு பேரோட போகையில இன்னும் ரெண்டு பேரு ஏறுனா என் வண்டி அச்சு ஒடிஞ்சா போச்சு? குத்துமதிப்பாப் போயிட்டு வந்துரலாம், வா."

"இல்லப்பா."

"அந்தாளு போறான்ல, பிள்ள குட்டியோட?"

"அவர் கணக்கு வேறப்பா. என் கணக்க நான் வீட்லயே போட்டுட்டேன், இங்க வச்சுப் போடக்கூடாது."

வள்ளி என் சட்டையை இழுத்தாள். "ஏங்க, ரெண்டுதான... மாமா மொகத்தப் பாருங்க." பத்தென்றால் பத்து என்றவள் இவள்தான்.

நான் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம். முப்பது வருஷத்துக்கு மேல் ரோட்டில் ஒரு கையையும் விட்டுவிட்டுப் போகாத மனுஷர், இன்றைக்கு அவரே கை காட்டி நிற்கிறார். வண்டி பக்கத்தில் நிற்கிறது. ஓட்டுபவன் அவர் மகன்.

"லைசென்ஸ் எம் பேர்லதானடா இருக்கு!" என்றார். அதட்டலாகத்தான் ஆரம்பித்தார். முடிக்கும்போது குரல் பிசிறியது.

நான் அட்டையை மடித்துப் பைக்குள் வைத்தேன். "முடியாதுப்பா" என்றேன்.

அவர் எலுமிச்சம் பழத்தைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே காருக்குப் போனார். பல் டாக்டர் பத்திரமாக இறங்கி, பிள்ளைக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். நாங்கள் வீடு வந்து சேர்ந்தபோது காற்று சுத்தமாக நின்றுபோயிற்று. கொல்லையில் ஓர் இலை அசையவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கிளப்பை மத்தியானத்தோடு மூடிவிடுவார்கள். அப்பா வெளியே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, அசையாத அந்த மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதேன். சரியான முடிவு எடுத்தவன் சந்தோஷமாக இருப்பான் என்று எவனாவது எழுதியிருந்தால் அவனை நான் பார்க்க வேண்டும்.

6

அப்பாவை வழியனுப்ப விமான நிலையம் போனோம். செல்வியின் கன்னத்தைக் கிள்ளினார். வள்ளியிடம், "ஒடம்பப் பாத்துக்க ஆத்தா" என்றார். பிறகு பொதுவாக எங்கள் மூன்று பேரையும் பார்த்து, "போறேன்" என்றார்.

போறேன். 'போயிட்டு வாரேன்' இல்லை. பக்கத்துக் கடைக்குப் போனாலும் வாரேன் என்று சொல்லிவிட்டுப் போகிறவர் என் அப்பா. வள்ளி கார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். "மாமா இப்படிச் சொல்லிட்டுப் போறாகளே" என்று வீடு வரும்வரை புலம்பினாள். செல்விக்கு ஒன்றும் புரியவில்லை. "போறேன் என்றால் போகிறார் என்றுதானே அர்த்தம்?" என்று இங்கிலீஷில் கேட்டாள். 

அதன்பிறகு ஊரிலிருந்து வந்த தபால் எல்லாம் சித்தப்பா எழுதியதுதான். அப்பா கையெழுத்து ஒரு வரிகூட இல்லை. நான் லிண்டாவிடம் சண்டை போட்டேன். "உன் பத்து நாட் கணக்கால் என் அப்பா கோபித்துக்கொண்டு போனார்" என்றேன். "பத்து உன்னுடையது முத்து, என்னுடையது இல்லை" என்றாள். அதுவும் உண்மைதான், அதனால் இன்னும் கோபம் வந்தது.

7

இந்தத் தை மாதம் லீவு போட்டுக்கொண்டு மூன்று பேரும் காரைக்குடிக்குப் போனோம். அப்பா வள்ளியிடம் பேசினார், செல்வியிடம் பேசினார். என்னிடம், "ம்." சாப்பாடு போதுமா என்றால் "ம்." உடம்பு எப்படி இருக்கிறது என்றால் "ம்." அதிலும் துல்லியம், கூட ஓர் எழுத்து கிடையாது.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனபோது அப்பாவோடு பல வருஷம் கண்டக்டராக ஓடிய தங்கராசு அண்ணன் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏப்பா சுப்பையா, அப்பாவ அங்க கூட்டிட்டுப் போயி என்னப்பா பண்ணுனீக?"

"ஏண்ணே?"

"திருவிழாவுக்கு ஸ்பெஷல் வண்டி விட்டா மொதலாளி இன்னமும் இவரத்தான் கூப்புடுறாரு. முன்னல்லாம் தொண்ணூறு பேர ஏத்துவாரு. இப்ப உக்கார அம்பது, நிக்கப் பத்து. அதுக்கு மேல ஒரு ஆளு கால வச்சா வண்டிய அணச்சுட்டு எறங்கி நின்னுக்கிறாரு. டிக்கெட்டக் கிழிச்சுட்டு நாந்தான் ஏச்சு வாங்குறேன். கேட்டா, கணக்க வீட்லயே போட்டுட்டேன், ரோட்டுல வச்சுப் போடக்கூடாதுங்கிறாரு. யாரு சொல்லிக் குடுத்தா இவருக்கு?"

நான் அண்ணனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன். 

மறுநாள் காளையார்கோவில் திருவிழா. அப்பா இருட்டோடு எழுந்து ஸ்பெஷல் வண்டி எடுக்கப் போய்விட்டார். நாங்கள் சாவகாசமாகக் கிளம்பி, எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் கல்லல் ரோட்டில் போய் நின்றோம். வள்ளி பட்டுச் சேலை, செல்வி பட்டுப் பாவாடை. தூரத்தில் பஸ் வந்தது. அப்பா வண்டிதான். ஹாரனிலேயே தெரிந்தது.

நான் கையைக் காட்டினேன். செல்வி இரண்டு கையையும் காட்டினாள்.

பஸ் வேகம் குறைந்து எங்கள் பக்கத்தில் வந்து நின்றது. உள்ளே நிரம்பியிருந்தது. ஆனால் முன்பு போல் பிதுங்கவில்லை. அப்பா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி என்னைப் பார்த்தார். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு என்னை முழுசாகப் பார்த்தது அப்போதுதான்.

"எடமில்ல" என்றார்.

"அப்பா, நாங்க மூணு பேருதானப்பா!"

"அன்னைக்கு நானும் ரெண்டுதானன்னு சொன்னேன்."

பஸ்ஸுக்குள் இருந்த யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. பெற்ற பிள்ளையை ரோட்டில் விட்டுவிட்டுப் போகிறாரே என்று ஓர் அம்மா உள்ளிருந்து சத்தம் போட்டார். அப்பா காதில் வாங்கவில்லை. மீசைக்குள் சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. அதை அடக்கக் கியரைப் போட்டார்.

"காத்து சரியில்லடா சுப்பையா! அடுத்த வண்டில வாங்க!"

தங்கராசு அண்ணன் தலையில் அடித்துக்கொண்டே விசில் கொடுத்தார். வண்டி உறுமி நகர்ந்தது. புழுதி எங்கள் பட்டிலெல்லாம் படிந்தது. அந்தப் புழுதிக்குள்ளிருந்து அப்பாவின் குரல், அந்தப் பழைய ரோட்டுக் குரல், வந்தது.

"போயிட்டு வாரேன்!"

வள்ளி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், சிரித்தாள், எது எதென்று தெரியவில்லை. "தாத்தா ஏன் நம்மை ஏற்றவில்லை?" என்று செல்வி கேட்டாள். நான் கையை இறக்க மறந்து நின்றுகொண்டிருந்தேன். அடுத்த வண்டி வர, குத்துமதிப்பாக, ஒரு மணி நேரம் ஆனது.